தேருக்கு முட்டுக்கட்டை, மகிழுந்துக்கு நிலைகாப்பி
(பொழிவின் எழுத்து வடிவம்)



தேரோட்டம் கண்டிராத தமிழர் அரியர். தேர் தெருமுனையை நெருங்குங்கால் வடம் பிடிப்போர் ஆயிரவர் இருப்பினும், அதனைத் திருப்புவோர் அவரல்லர். உருளியின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து செல்லும் ஒருசிலரே அதனைத் திருப்புகின்றனர். ஒரு பக்கத்து உருளியின் அடியில் கட்டையைச் செருகினால் அவ்வுருளி தடைப்படும். மறுபக்கத்து உருளி தொடர்ந்து உருளும். தேர் தடைப்பட்ட பக்கம் நோக்கித் திரும்பும். கட்டை நசுங்கும், தேயும், சிலவேளை பிளந்தும் போகும். ஆயினும் தேர் வீட்டுச் சுவரில் மோதாமல் நிலைக்கு வந்து சேரும். கட்டை தேய்ந்ததே என்று எவரும் வருந்துவதில்லை.

இற்றை மகிழுந்துகளில் பொருத்தப்பெறும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு என்னும் அமைப்பும் இம் முட்டுக்கட்டைக்காரரின் வேலையையே செய்கின்றது. ஈ.எசு.சி. என்றும் ஈ.எசு.பி. என்றும் ஊர்தி விற்போர் வழங்கும் அவ்வமைப்பை இங்கு நிலைகாப்பி எனச் சுருங்கச் சொல்லலாம். இதன் மீது ஓட்டுநரிடையே இரண்டு குற்றச்சாட்டுகள் உள. ஊர்தியை ஓட்டும் உரிமையை இஃது ஓட்டுநரின் கையினின்று பறிக்கின்றது என்பது ஒன்று. பிரேக்கு என மக்கள் வழங்கும் தடுப்பியை இது விரைவில் தேய்த்துவிடுகின்றது என்பது மற்றொன்று. இவற்றை நம்பி, கட்டையை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு நிலைகாப்பியை அணைத்துவிட்டு ஓட்டுவாரும் உளர். மிச்சப்படுவது எது, இழக்கப்படுவது எது என்று கணக்கிட்டுப் பார்ப்பதே இப் பொழிவின் நோக்கம்.

வழுக்கலின் இயல்பு

ஒரு மகிழுந்து எவ்வளவு பெரிதாயினும் அது சாலையைத் தொடும் இடங்கள் நான்கே. டயர் எனப்படும் உருளிப்பட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுக்கே நிலத்தில் படிகின்றது. ஊர்தியை விரைவுபடுத்துவதும், திருப்புவதும், நிறுத்துவதும் இந் நான்கு உள்ளங்கைகளின் உராய்வே. அவ்வுராய்வுக்கு ஓர் எல்லை உண்டு.

ஊர்தி வளைவில் செல்லுங்கால் அதனை வளைவின் உட்புறம் நோக்கி இழுத்துப் பிடிக்கும் விசை ஒன்று வேண்டும். விரைவு இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்கு தேவைப்படும். 50 மீட்டர் ஆரையுள்ள ஒரு வளைவைக் கொள்க. உராய்வெண் 0.8 உடைய உலர்ந்த சாலையில் அவ்வளைவை மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர் விரைவு வரை கடக்கலாம். மழையில் நனைந்து உராய்வெண் 0.4 ஆகக் குறைந்தால் எல்லை 50 கிலோமீட்டராகும். உறைபனி படிந்து அது 0.1 ஆகிவிட்டால் 25 கிலோமீட்டருக்கு மேல் எவ்வூர்தியும் அவ்வளைவில் நில்லாது. ஒரே வளைவு, ஒரே ஊர்தி, ஒரே ஓட்டுநர். மாறியது சாலையின் ஈரம் மட்டுமே.

எல்லையைக் கடந்தபின் நிகழும் வழுக்கல் இருவகைப்படும். முன்னுருளிகள் முதலில் பிடிப்பை இழந்தால், ஓட்டுநர் திருப்பியும் ஊர்தி திரும்பாமல் நேரே வெளிப்புறம் நோக்கிச் செல்லும். இதனை முன்வழுக்கு எனலாம். பின்னுருளிகள் முதலில் பிடிப்பை இழந்தால், வால்புறம் வெளியே வீசப்பட்டு ஊர்தி தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். இது பின்வழுக்கு. முன்னதினும் பின்னது கொடிது. சுற்றும் ஊர்தி பக்கவாட்டில் மரத்திலோ எதிர்வரும் சுமையுந்திலோ மோதும். உள்ளிருப்போர்க்கும் மோதலுக்கும் இடையே கதவின் தடிமன் ஒன்றே காப்பாக எஞ்சும்.

நிலைகாப்பி செய்வது யாது?

ஓட்டுநர் விரும்பும் வழி எது, ஊர்தி செல்லும் வழி எது என்னும் இரண்டையும் ஒப்பிடுவதே நிலைகாப்பியின் முதல் வேலை. ஓட்டுநரின் விருப்பத்தை அறியத் திருப்புவளையில் ஓர் உணரி உள்ளது. அது வளை எத்துணைக் கோணம் திருப்பப்பட்டது என்பதை அளக்கும். ஊர்தியின் போக்கை அறிய வேறு உணரிகள் உள. நான்கு உருளிகளிலும் அமைந்தவை அவற்றின் சுழல்விரைவை அளக்கும். ஊர்தியின் நடுவே அமைந்த ஒன்று, நிலத்துக்குச் செங்குத்தான அச்சைப் பற்றி ஊர்தி எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது என்பதை அளக்கும். மற்றொன்று பக்கவாட்டு முடுக்கத்தை அளக்கும். இவையனைத்தையும் ஒரு சிறு கணிப்பொறி நொடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்க்கின்றது.

விருப்பமும் போக்கும் ஒத்திருக்கும் வரை நிலைகாப்பி எதுவும் செய்யாது. அவை வேறுபட்டால், ஓட்டுநர் தடுப்பி மிதியைத் தொடாவிடினும், ஒரு சிறு நீரேற்றி தடுப்பி நீர்மத்தை அழுத்தி வேண்டிய ஓர் உருளியை மட்டும் தடுக்கும். பின்வழுக்கு நேர்ந்தால் வளைவின் வெளிப்புறத்து முன்னுருளி தடுக்கப்படும். ஊர்தியின் சுற்றல் எதிர்க்கப்பட்டு அடங்கும். முன்வழுக்கு நேர்ந்தால் உட்புறத்துப் பின்னுருளி தடுக்கப்படும். ஊர்தியின் மூக்கு வளைவின் உள்ளே திரும்பும். உடனிகழ்வாகப் பொறியின் ஆற்றலும் குறைக்கப்படும். தேரின் ஒரு பக்கத்தில் கட்டை செருகுதல் போன்றதே இதுவும்.

ஓட்டும் உரிமை பறிபோகின்றது என்னும் முதற் குற்றச்சாட்டுக்கு இங்கேயே விடை உள்ளது. ஓட்டுநரின் காலடியில் இருப்பது ஒரே தடுப்பி மிதி. அதனை மிதித்தால் நான்கு உருளிகளும் சேர்ந்தே தடைப்படும். இடப்புறத்து முன்னுருளியை மட்டும் அரை நொடி தடுத்து விடுவிக்க எத்துணைத் தேர்ந்த ஓட்டுநராலும் இயலாது. எனவே நிலைகாப்பி பறிப்பது ஓட்டுநர் செய்துவந்த ஒன்றையன்று. அவரால் என்றும் செய்ய முடியாத ஒன்றை அது செய்கின்றது. அதுவும் ஓட்டுநர் திருப்பிய வழியை நோக்கியே செய்கின்றது. வழியைத் தேர்வது ஓட்டுநரே. நிலைகாப்பி அவர்தம் ஏவலாள்.

ஒரு சிற்றூர்தி கவிழ்ந்த நாள்

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. திடுமெனத் தடுக்குங்கால் உருளிகள் பூட்டிக்கொள்ளாவண்ணம் காக்கும் தடுப்பி முறையைச் செருமனியின் இராபர்ட்டு பாசு நிறுவனம் 1978-ஆம் ஆண்டு மெர்சிடிசு மகிழுந்துகளுக்கு வழங்கியது. உருளி ஒவ்வொன்றன் தடுப்பழுத்தத்தையும் தனித்தனியே ஆளும் வழி அதனால் திறந்தது. அவ்வழியில் மேற்சென்று, நெதர்லாந்தில் பிறந்த பொறிஞர் ஆன்றன் வான் சாண்டன் தலைமையில் பாசு நிறுவனக் குழுவினரும் மெர்சிடிசு பொறிஞரும் நிலைகாப்பியை உருவாக்கினர். 1995-இல் அது மெர்சிடிசின் விலைமிகுந்த பெருமகிழுந்து ஒன்றில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. வான் சாண்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வாழ்நாட் பணிக்கான விருதை வழங்கியது.

செல்வர்தம் ஊர்திக்குள் அடைபட்டிருந்த அக் காப்பை எளிய ஊர்திக்கும் இறக்கிவந்தது ஒரு கவிழ்ச்சியே. சுவீடன் நாட்டுச் சாலைகளில் எல்க்கு என்னும் பேருருவ மான்கள் திடுமெனக் குறுக்கிடுவது வழக்கம். அவற்றின் மேல் மோதாமல் விரைந்து ஒருபுறம் விலகி, உடனே பழைய தடத்துக்கு மீளும் ஆற்றல் ஊர்திக்கு உண்டா என்று அந்நாட்டினர் ஆய்ந்து பார்ப்பர். 1997-ஆம் ஆண்டு அக்குதோபர் 21-ஆம் நாள் சுவீடனின் ஊர்தி இதழொன்று மெர்சிடிசின் புதிய ஏ-வகைச் சிற்றூர்தியை அவ்வாறு ஓட்டிப் பார்த்தது. ஊர்தி கவிழ்ந்தது. செய்தி உலகெங்கும் பரவிற்று. நிறுவனம் விற்பனையைச் சில திங்கள் நிறுத்திவைத்து, ஊர்தியின் தொங்கலமைப்பையும் உருளிப்பட்டைகளையும் மாற்றியதோடு, ஏ-வகை ஊர்தி அனைத்துக்கும் நிலைகாப்பியைப் பொருத்தியது. உயரமான சிற்றூர்தியை வாங்குவோர்க்கும் உயிர் ஒன்றே என்னும் உண்மை அன்று ஏற்கப்பட்டது.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. அமெரிக்க நடுவணரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துக் காப்பு அமைப்பு 2007-இல் தன் விதியை வெளியிட்டபோது, பிற ஊர்தி தொடர்பின்றித் தானே தடம்புரண்டு நேரும் ஏதங்களில், நிலைகாப்பி மகிழுந்துகளுக்கு 34 விழுக்காடும், உயரமான பல்பயன் ஊர்திகளுக்கு 59 விழுக்காடும் குறைக்கும் எனக் கணக்கிட்டது. ஊர்தி அனைத்தும் அதனைப் பெற்றபின் அந்நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 வரை உயிர்கள் காக்கப்படும் என்றும் மதிப்பிட்டது. 2011 செப்தம்பர் முதல் அங்கே செய்யப்பெறும் மகிழுந்து அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 நவம்பர் முதல் புதுவகை ஊர்திகளுக்கும், 2014 நவம்பர் முதல் புதிதாக விற்கப்படும் மகிழுந்து அனைத்துக்கும் கட்டாயமாயிற்று.

தேய்வின் கணக்கு

இனி இரண்டாம் குற்றச்சாட்டைக் காண்க. நிலைகாப்பி தடுப்பியைக் கொண்டே இயங்குகின்றது. ஆகலின் தடுப்புக் கட்டை தேயவே செய்யும். இதனை மறுப்பார் இலர். எவ்வளவு தேயும் என்பதே வினா.

1,500 கிலோ எடையுள்ள மகிழுந்து ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் சென்று முற்றாக நிற்கின்றது எனக் கொள்க. அதன் இயக்க ஆற்றல் முழுதும் தடுப்பிகளில் வெப்பமாக மாறும். அவ்வெப்பத்தை நூறு பங்கு எனக் கொண்டால், அதே விரைவில் நிலைகாப்பி ஓர் உருளியை அரை நொடி ஓரளவு வலுவாகத் தடுக்குங்கால் எழும் வெப்பம் ஆறு பங்களவே. அந்த ஆறு பங்கும் ஒரே உருளியின் மேல் விழுகின்றதே எனின், முழுநிறுத்தத்தின் போது ஒரு முன்னுருளி தாங்குவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ஆகவே நிலைகாப்பியின் ஒரு தலையீடு, அவ்வுருளிக்கு ஒரு முழுநிறுத்தத்தின் ஆறில் ஒரு பங்குத் தேய்வுக்கு ஒப்பாகும். நகரத்தில் ஓட்டுவோர் ஒரு நாளில் எத்துணை முறை விரைவைக் குறைத்தும் நிறுத்தியும் செல்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால், திங்களுக்கு ஒருமுறையோ இருமுறையோ நிகழும் தலையீட்டின் தேய்வு கணக்கிலேயே வாராது.

தலையீடு எத்துணை முறை நிகழ்கின்றது என்பதை அறிய வல்லுநர் எவரையும் நாட வேண்டா. ஓட்டுநரின் முன்னுள்ள அளவிப் பலகையில், ஒரு மகிழுந்தும் அதன் பின்னே இரு நெளிகோடுகளும் வரைந்த மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. நிலைகாப்பி வேலை செய்யும்போதெல்லாம் அது சிமிட்டும். ஆண்டு முழுதும் அவ்விளக்குச் சிமிட்டக் காணாதவரின் கட்டை தேய்ந்ததற்கு நிலைகாப்பி பொறுப்பன்று. ஒவ்வொரு வளைவிலும் அது சிமிட்டக் காண்பவரின் கட்டை தேய்கின்றது எனினும், பிழை கருவியினது அன்று. வளைவுதோறும் எல்லையைத் தொடும் விரைவினது. அவ்விளக்கு ஓட்டுநரின் பிழைகளை எண்ணும் கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளையை வெளியேற்றிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது.

மெய்யாகவே தேய்வு மிகும் இடங்களும் உள. அவற்றை மறைப்பது அறமன்று. உருளி மணலிலோ சேற்றிலோ சிக்கி வெறிதே சுழலுங்கால், நிலைகாப்பியோடு இணைந்த இழுவைக் கட்டுப்பாடு அவ்வுருளியைத் தடுக்கும். ஓட்டுநர் முடுக்கியை விடாது அழுத்தினால் பொறியின் ஆற்றல் நேரே தடுப்புக் கட்டையில் வெப்பமாகும். சில ஊர்திகளில் வளைவு திரும்புவதை எளிதாக்குவதற்கென உட்புறத்து உருளியை மெல்லத் தடுக்கும் முறையும் சேர்க்கப்பட்டுள்ளது. வளைந்த சாலைகளில் கடுமையாக ஓட்டுவோர்க்கு அது கட்டையைக் கூடுதலாகத் தேய்க்கும். விரைவோட்டப் போட்டிக் களத்தில் நிலைகாப்பியை அணைக்காமல் ஓட்டுவோர் பின்புறத்துக் கட்டைகள் விரைந்து தேயக் காண்பர். இவை மூன்றும் ஊர்தியை எல்லையிலோ எல்லைக்கு அப்பாலோ வைத்து ஓட்டும் நிலைகளாம். அலுவலுக்கும் அங்காடிக்கும் சென்றுவரும் ஓட்டத்தைச் சார்ந்தவை அல்ல.

இயல்பான ஓட்டத்திலும் புதிய மகிழுந்துகளில் பின்புறத்துக் கட்டைகள் முன்னையினும் விரைவில் தேய்வதைக் கண்டு சிலர் நிலைகாப்பியைப் பழிக்கின்றனர். கரணியம் வேறு. பழைய ஊர்திகளில் பின்னுருளி பூட்டிக்கொள்ளுமே என்று அஞ்சிப் பின்புறத் தடுப்பழுத்தத்தை எப்போதும் குறைத்தே வைத்தனர். இன்று மின்னணு முறை ஒவ்வொரு நொடியும் பின்னுருளியைக் காத்து நிற்பதால், அதற்கும் நிறுத்தும் வேலையில் உரிய பங்கு தரப்படுகின்றது. வேலை செய்யும் கட்டை தேய்கின்றது, அவ்வளவே. முன்புறத்துக் கட்டையின் சுமை அந்த அளவுக்குக் குறைகின்றது என்பதையும் உடன்வைத்து எண்ணல் வேண்டும்.

அணைத்தலும் காத்தலும்

நிலைகாப்பியை அணைக்கப் பெரும்பாலான ஊர்திகளில் ஒரு பொத்தான் உண்டு. அது கட்டையை மிச்சப்படுத்துவதற்கென அமைந்ததன்று. மணலிலோ சேற்றிலோ ஊர்தி புதைந்தால், வெளியேற உருளி ஓரளவு சுழன்றாக வேண்டும், அப்போது அணைக்கலாம். வெளியேறியதும் மீண்டும் இயக்கிவிடல் வேண்டும். வேறு எந்தக் கரணியத்துக்காகவும் பொதுச் சாலையில் அதனை அணைத்தல் தகாது. ஒரு பக்கத்துக் கட்டையின் விலையும் ஓர் உயிரின் விலையும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கன அல்ல.

நிலைகாப்பியைப் பேணுதலும் ஓட்டுநரின் கடமையே. அது உருளிகளின் சுழல்விரைவை ஒப்பிட்டே முடிவு செய்கின்றது. ஆகவே நான்கு உருளிப்பட்டைகளும் ஊர்தி செய்தோர் குறித்த அளவினவாகவும், காற்று நிரம்பியனவாகவும் இருத்தல் வேண்டும். திருப்பமைப்பைப் பிரித்துச் செப்பனிட்டபின் திருப்புவளை உணரியின் நேர்நிலையைப் பணிமனையில் மீண்டும் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் நேரே செல்லும் ஊர்தி திரும்புவதாகக் கணிப்பொறி மயங்கக்கூடும். தடுப்பி நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெடும். குறித்த காலத்தில் அதனை மாற்றுதல் வேண்டும். மஞ்சள் விளக்குச் சிமிட்டாமல் அணையாதே எரிந்தால், நிலைகாப்பி அணைக்கப்பட்டுள்ளது அல்லது பழுதுற்றுள்ளது என்று பொருள்.

இவற்றினும் தலையாயது ஒன்று உண்டு. நிலைகாப்பி உராய்வைப் பங்கிடுமேயன்றிப் படைக்காது. முன்னர்க் கூறிய ஈரவளைவில் மணிக்கு 50 கிலோமீட்டரே எல்லையெனின், 80 கிலோமீட்டர் விரைவில் நுழைந்த ஊர்தியை உலகின் எக் கணிப்பொறியாலும் வளைவில் நிறுத்த இயலாது. அது சுற்றாமல், நேராக, சாலையை விட்டு வெளியேறும், அவ்வளவே. உருளிப்பட்டையின் வரிகள் மழமழவெனத் தேய்ந்து மழைநீரின் மேல் ஊர்தி மிதக்கத் தொடங்கிவிட்டால், தடுப்பதற்கு உருளி இருக்கும். பற்றுவதற்குச் சாலை இராது. நிலைகாப்பி உண்டு என்னும் துணிவில் விரைவைக் கூட்டுவோர், அது தந்த காப்பை வாங்கிய கையோடே விற்றுத் தீர்ப்பவராவர்.

முட்டுக்கட்டைக்காரர் எத்துணைத் திறவோராயினும், வடம் பிடிப்போர் தெருமுனையில் விரைவைத் தணித்தாலன்றித் தேர் திரும்பாது. கட்டை தேய்வதைக் கண்டு அதனை ஒளித்துவைத்தாலும் தேர் திரும்பாது. மகிழுந்தும் அத்தகையதே. வளைவுக்கு முன்பே விரைவைக் குறைப்பவர்க்குக் கட்டையும் நீடிக்கும், நிலைகாப்பியும் உறங்கும், ஒருநாள் அவர் அறியாப் பிழை ஒன்று நேருங்கால் மட்டும் அது விழித்தெழுந்து அவரைக் காக்கும். அந்த ஒருநாள் எதுவென முன்னறிவார் எவரும் இலர். ஆகலின், அதனை என்றும் இயக்கத்திலேயே வைத்திருப்பீர். அதற்கு வேலை வையாது ஓட்டுவீர். கட்டை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். தேர் நிலைக்கு வந்து சேர்தல் வேண்டும்.